உலக்கை நின்ற பௌர்ணமி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வானத்தில் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஜவ்வாது மலையில் ஆசிரியை வேலை கிடைத்தபோது இந்தப் பழக்கத்தையும் டிரங்குப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் போனேன். கலசப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே இருந்தவரை என் வானச் செய்திகளைக் கேட்க ஆள் கிடையாது, எல்லோருக்கும் நெல் விலையைப் பற்றித்தான் கவலை. மலையிலோ பொழுது சாய்ந்தால் பார்ப்பதற்கு வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் இருந்த ஊருக்கு அப்போது கரண்ட்டே வரவில்லை.

பஸ் வந்தால்தான் பேப்பர் வரும். பஸ் எப்போது வரும் என்று பஸ்காரருக்கே தெரியாது. வந்த பேப்பரில் வானத்தைப் பற்றி ஒரு மூலையில் ஏதாவது இருந்தால் அதைப் பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பேன். இந்த வாரம் வியாழன் நிலாவுக்குப் பக்கத்தில் வரும். அடுத்த மாதம் வெள்ளி மேற்கே தெரியத் தொடங்கும். பிள்ளைகளைவிட, புளி உலுக்கப் போகிற பெரியவர்கள்தான் அதன்முன் நின்று, படிக்கத் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் எழுதியபடி வெள்ளி மேற்கே வந்ததும், ஏதோ நானே அதைக் கைப்பிடித்து அழைத்துவந்த மாதிரி எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் எண்பத்தாறில் கப்பலேறியது. எழுபத்தைந்து, எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் வால் நட்சத்திரம் வந்த வருடம் அது. பேப்பரில் வந்ததை நம்பி, அது பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். பங்குனியில் ஒரு விடியற்காலை, நடக்க முடிந்த எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் பின்னால் பாறைமேல் ஏறினார்கள். தெற்கே, சரியாகத் துடைக்காத கரும்பலகையில் சாக்பீஸ் தடம் இருக்குமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. எனக்குச் சிலிர்த்தது. மற்றவர்களுக்குக் குளிர்தான் எடுத்தது.

"இதுக்காடா எங்கள எழுப்பிக்கினு வந்தாங்க?" என்று யாரோ பின்னாலிருந்து முனகினார்கள். ஊர்க்கவுண்டர் மட்டும் மரியாதையாகச் சொன்னார். "பரவால்ல டீச்சரம்மா. அடுத்த தபா வரும்போது கிட்ட வரச் சொல்லுங்க."

அன்றிலிருந்து என் சுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஒருத்தி மட்டும் பார்த்தாள். சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு உதவியாக இருந்தவள். என் வயதுதான் இருக்கும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வெளியே வந்து, "இன்னா டீச்சர், மேல இன்னா சேதி?" என்று கேட்பாள். அவளுக்கு என் வானத்தின்மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அவளுக்குப் பௌர்ணமி வேண்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு வாழ முடியவில்லை என்றால் பிறந்த வீட்டுக்கு வந்துவிடலாம். ஊர் கூடித் தீர்த்துவிடும். கோர்ட், வக்கீல் ஒன்றும் தேவையில்லை. ஊர்க்கவுண்டர்தான் நீதிபதி. பௌர்ணமியன்று நிலா ஏறும் நேரத்தில் அம்மன் கோயில் களத்தில் கூடுவார்கள். விளக்கு ஏற்றக்கூடாது. புருஷனும் பெண்சாதியும் எதிரெதிராக நின்று, 'நிலா வெளிச்சத்தில் உன் முகம் எனக்குத் தெரிகிறது' என்று ஆளுக்கொரு முறை சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கொரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. முகம் பார்க்காமல் சொன்ன சொல் செல்லாது என்பது அவர்கள் கணக்கு. படித்தவர்கள் ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லையே என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று பௌர்ணமி தொடர்ந்து தவறிப்போனால் அந்தப் பிரிவில் அம்மனுக்குச் சம்மதம் இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பெண் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும், அதற்குப் பிறகு பிரிவு கேட்கக்கூடாது. என் சத்துணவுக் கூடத்துத் தோழிக்கு மாசிப் பௌர்ணமி மேகத்தில் போயிற்று. பங்குனிக்குப் புருஷன் வீட்டார் வரவே இல்லை. மிச்சம் இருந்தது சித்ரா பௌர்ணமி ஒன்றுதான்.

ஏன் வந்துவிட்டாய் என்று ஒருமுறை கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "அடிச்சாருங்க டீச்சர்."

"உன் வீட்டுக்காரரா?"

"அவரு இல்ல. அவரு அண்ணன். அந்த வூட்ல அண்ணன் வெச்சதுதான் சட்டம். இவரு ஒரு வார்த்த சொல்லமாட்டாரு. பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பாரு." முறத்தை ஒரு தட்டு தட்டினாள். "திரும்பப் போனேன்னா அந்த வூட்ல நான் உசுரோட இருக்கமாட்டேன்."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் புருஷன்மேல்தான் கோபம் வந்தது. அடிக்கிறவனைவிட உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

சித்திரை பிறந்த பிறகு தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பௌர்ணமித் தாளில் சின்ன எழுத்தில் சந்திர கிரகணம் என்று போட்டிருந்தது. முதலில் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு பேப்பரில் விவரம் பார்த்தேன். நம் பக்கத்தில் நிலா உதிக்கும்போதே முழுக் கிரகணத்தில் இருக்குமாம். அதாவது நிலா சரியான நேரத்துக்கு வரும், ஆனால் இருட்டாக வரும். அந்தி வெளிச்சத்தில் இருட்டு நிலா யார் கண்ணுக்குத் தெரியும்? களத்தில் கூடியிருப்பவர்களைப் பொறுத்தவரை சித்ரா பௌர்ணமியன்று நிலா வரவே இல்லை என்றுதான் ஆகும்.

அன்றைக்கே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கேழ்வரகு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். "கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிங்க. நிலா முதலில் தெரியாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும்" என்றேன்.

கோணி ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வருதுன்னு சொன்னீங்க, அது வரல. இப்ப வர்ற நிலாவ வராதுன்றீங்க. உங்களுக்கும் வானத்துக்கும் இன்னாம்மா தகராறு?"

அவர் சம்சாரம் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வால் நட்சத்திரம் கிடக்கட்டும், இது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது என்றேன். கிரகணம் என்றால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கெல்லாம் ஊரில் வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

சித்ரா பௌர்ணமி வந்தது. அன்று காலையிலிருந்து வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதைப் பார்த்து அவள் நிம்மதியாக இருந்தாள், நான்தான் சாப்பிடவில்லை. வெயில் இருக்கும்போதே புருஷன் வீட்டார் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்த அவர்கள் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். அண்ணன் நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, குரலே அதட்டல்தான். தம்பி மெலிந்த ஆள். வெயில் தாழத் தாழ அண்ணனை விட்டு நகரவே இல்லை. களத்துக்கு வரும்போது அண்ணன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார். பொழுது சாய்வதற்குள் தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன். ஒரு கல்லின்மேல் உட்கார வைத்ததும் அப்படியே அசையாமல் இருந்தார்.

சூரியன் இறங்கியது. மேற்கே வெள்ளி பளிச்சென்று நின்றது. எல்லோரும் கிழக்கு முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகட்டுக்கு மேலே சித்திரை நட்சத்திரம்கூட மங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கீழே நிலா இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. ஒரு மேகம் இல்லாத வானத்தில் சித்ரா பௌர்ணமி நிலா இல்லாமல் போனதை அவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் பக்கத்தில் நின்றவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே கடிகாரம் பார்ப்பதில்லை. ஊர்க்கவுண்டர் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரியாமல் போவதற்குள் நிலா தெரிய வேண்டும். அவர் கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடியும் கிட்டே கொண்டுபோனார்.

"ரேக தெரியல" என்றார் கடைசியில். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அண்ணன் எழுந்து துண்டை உதறினார். "மூணு நிலா ஆச்சி. அம்மனே சொல்லிட்டா. எங்க வூட்டுப் பொண்ண எங்களோட அனுப்புங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. நான் அந்த ஊர்க்காரியும் இல்லை, அந்தக் கூட்டத்தில் பேச எனக்கு எந்த உரிமையும் கிடையாது. "நிலா வந்திடுச்சுங்க! அங்கதான் இருக்கு! கிரகணம் பிடிச்சிருக்கு, அதனாலதான் கண்ணுக்குத் தெரியலை!" என்று கத்திவிட்டேன்.

"வால் நட்சத்திரம் மாதிரியா?" என்றார் அண்ணன். அது அவர்கள் ஊர்வரைக்கும் போயிருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. "கெரகணம்னா ஒலக்க நிக்கும். எடுத்தாங்க" என்றார்.

கிரகணம் பிடித்திருக்கும்போது தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தினால் பிடிமானம் இல்லாமல் தானே நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்று நம் பக்கமெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதைத்தான் சொன்னார். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பத்து வயதில், கிரகணமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வீட்டு முற்றத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டி அப்பாவிடம் அறை வாங்கியவள் நான். அடியில் போட்டிருக்கும் இரும்புப் பூண் தட்டையாக இருந்து கை நிதானமாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். கை நடுங்கினால் கிரகணத்தன்றும் விழும்.

ஊர்க்கவுண்டரின் சம்சாரம் சாமை குத்தும் உலக்கையைக் கொண்டுவந்தார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, உலக்கையை நட்டுவைத்து, கையை எடுத்தார். உலக்கை ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. தண்ணீர் சிதறியது. அண்ணன், "போதுமா?" என்றார்.

அந்த அம்மாள் அவரை ஒரு முறை முறைத்தார். அடுப்பங்கரை வேலையில் ஆம்பளைக்கு என்ன பேச்சு என்கிற முறைப்பு. மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். இந்த முறை உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக விலக்கினார். உலக்கை நின்றது. அந்த அரை இருட்டில் ஆள் உயரத்துக்கு அது தன்னந்தனியாக நிற்பதைப் பார்த்தபோது, காரணம் தெரிந்த எனக்கே உடம்பு கூசியது. கூட்டத்தில் எல்லோரும் கும்பிட்டார்கள். விளக்கம் சொல்லத் துடிக்கும் என் வாயை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் இறுக்கி மூடிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"கெரகணம்தான். நிலா வந்துகீது, பிடிபட்டுகீது" என்றார் ஊர்க்கவுண்டர். "தவறுனதா கணக்கு இல்ல. வெளிச்சம் வருதான்னு பாப்போம்."

சொல்லி வாய் மூடவில்லை, முகட்டின்மேல் ஒரு கோடு கிளம்பியது. நான் வானத்தைப் பற்றி அவ்வளவு படித்திருந்தும் இதை எதிர்பார்க்கவில்லை. வட்டத்தின் அடியில், சற்றே வலது பக்கம் ஒதுங்கி, நகத்துண்டு அளவுக்கு வெளிச்சம். அதற்குமேல் செம்புப் பாத்திரத்தின் வெளிப்புறம் போல மங்கலான உருண்டை. மூன்றாம் பிறையை எல்லோரும் மேற்கேதான் பார்த்திருக்கிறோம். இங்கே பௌர்ணமியன்று, கிழக்கே, பிறை முளைக்கிறது! நான் எல்லாவற்றையும் மறந்து வாயைப் பிளந்து நின்றேன். நிலா கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலைவிட்டு வெளியே வருகிறது, அதனால் கீழ்ப்புறம்தான் முதலில் வெளுக்க வேண்டும் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே போனது. பக்கத்தில் ஒருத்தியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் என் நினைவில்கூட இல்லை.

அண்ணனின் குரல்தான் என்னைக் கீழே இறக்கியது. "இது பிறைங்க. பவுர்ணமியே இல்ல. இந்த வெளிச்சத்துல யாருக்கு யார் மூஞ்சி தெரியும்?"

அதில் நியாயம் இருந்தது. என் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்றவளின் முகமே எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. மூக்கு எது, கண் எது என்று சொல்ல முடியாது. ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவினார். "பிறையோ முழுசோ, நிலா நிலாதான். மொகம் தெரியுதான்றதுதான் பேச்சு. நிக்கிறவங்கதான் சொல்லணும்."

"சரி, அப்படியே கேளுங்க. அவனையே கேளுங்க" என்றார் அண்ணன். சட்டென்று அவர் குரலில் ஒரு தெம்பு வந்துவிட்டது. தம்பியைக் கையைப் பிடித்து எழுப்பி, களத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். அவளும் போய் எதிரே நின்றாள்.

முதலில் அவளைக் கேட்டார்கள். "தெரியுதுங்க" என்றாள். காற்றுதான் வந்தது, மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். "தெரியுதுங்க."

பிறகு அவரைக் கேட்டார்கள். "ஏம்ப்பா, எதுருல நிக்கிறவ மொகம் தெரியுதா?"

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும், அவளை அங்கிருந்தே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"தெரியுது" என்றார். "நல்லாத் தெரியுது."

அண்ணன், "டேய்!" என்று ஒரு அடி முன்னால் வந்தார். ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். ஒரு முறை சொன்ன பிறகு குறுக்கே பேச யாருக்கும் இடமில்லை. துரும்பு கொடுத்தார்கள். அவள் கிள்ளிப் போட்டாள். அவர் விரலால் துரும்பின் நுனியைத் தேடிப் பிடித்து, கிள்ளிப் போட்டார். அவ்வளவுதான், தீர்ந்தது. பின்னால் யாரோ கால் இடறித் தாம்பாளத்தைத் தட்ட, உலக்கை தடாலென்று விழுந்தது. கிரகணம் விட்டுவிட்டது என்று பெண்கள் சோற்றுப் பானையைத் திறக்கப் போனார்கள். மேலே நிலா கால்வாசிகூட விடவில்லை.

அண்ணன் காறித் துப்பிவிட்டு, கூட வந்தவர்களை அழைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் விறுவிறுவென்று இறங்கினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் கலைந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அவள் மட்டும் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். தம்பி நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்கு நிக்கிறார்? அதான் முடிஞ்சதே" என்றேன் எரிச்சலாக.

"அவருக்குப் போகத் தெரியாதுங்க டீச்சர்" என்றாள். "பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. மாலக்கண்ணு. கட்டிக்கினு போன நாள்லேர்ந்து சாயங்காலம் ஆனா கொல்லையிலேர்ந்து வூட்டுக்குக் கையப் புடிச்சு இட்டுக்கினு வந்தது நான்தான். அவங்க அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நல்லாத் தெரியுதுன்னு சொன்னாரே..." என்று இழுத்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துரும்பு கிள்ளிய பிறகு தொடக்கூடாது. வேலியில் சாய்த்து வைத்திருந்த ஒரு கழியை எடுத்துக்கொண்டு போய், ஒரு முனையை அவர் கையில் வைத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

நானும் துணைக்குப் பின்னால் போனேன். ஓடைக்கு இறங்கும் வழி முழுக்கப் பாறை. "கல்லு", "பள்ளம்", "வேரு கீது, தாண்டுங்க" என்று மட்டும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அந்தந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். வாழ்நாளில் நான் பார்த்த மிக நல்ல கிரகணம் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கழியின் இரண்டு முனைகளையும்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் ஊர் எல்லையில் நாய் குரைத்தது. அவள் நின்றாள். இதற்குமேல் அவள் போகக்கூடாது. யாரோ அரிக்கேன் விளக்கோடு வருவது தெரிந்ததும், கழியை அவர் கையிலேயே விட்டாள்.

அவர் வானத்தைப் பார்க்கிறவர்போல முகத்தை உயர்த்தினார். பார்த்த திசை தப்பு.

"நிலா வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சிங்க" என்றாள் அவள். "முழுசா வந்துடுச்சி."